செக்கிழுத்த செம்மலும் செக்கு ஒட்டின அம்மாவும்

சர்டிபிகேட் வந்திருச்சுங்க. பளபளன்னு அட்டை, தங்கக் கலர் பார்டர், மூலைக்கு மூலை மூவர்ணக் கொடி. நடுவுல என் பையன் பேரு. இனிஷியல் மட்டும் வேற எவரோட அப்பாவுதோ. அது போகட்டும். அதுக்குக் கீழ எழுதியிருக்காங்க பாருங்க, "ஏற்ற வேடம்: பாரதியார்".

பாரதியாராம்!

பாரதியார் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா பாரதியாருக்கு எதுக்குங்க செக்கு? எங்க வீட்டு ஹால்ல டிவிக்கு முன்னாடி, இன்னிக்கு வரைக்கும் எவனும் தாண்டிப் போக முடியாம நிக்குதே, அது என்னன்னு நினைச்சு அன்னிக்கு எல்லாரும் பாத்தாங்களாம்? பூந்தொட்டின்னா?

"டியர் பேரண்ட்ஸ்"னு ஆரம்பிக்கிற மெசேஜ் ராத்திரி ஒன்பதரைக்கு மேல வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும். உங்களுக்கும்தான், தெரியும். சுதந்திர தின மாறுவேடப் போட்டி, நாளன்னைக்குக் காலைல. வாடகை டிரெஸ் கூடாது. கடைல வாங்கினது கூடாது. பிளாஸ்டிக் கூடாது, தர்மாகோல் கூடாது. எல்லாம் வீட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும், செய்வதில் குழந்தையும் பங்கெடுக்க வேண்டும், இது குழந்தையின் கற்பனைத் திறனை வளர்ப்பதற்காக. கடைசில ஒரு சிரிக்கிற பொம்மை வேற.

குழந்தை பங்கெடுத்துச்சுங்க, இல்லேன்னு சொல்லல. யூகேஜி படிக்கிற குழந்தை எப்படிப் பங்கெடுக்குமோ அப்படி. ஃபெவிகாலை உள்ளங்கைல முழுக்கத் தடவி, ஊதி ஊதிக் காய வெச்சு, ஒரு முனையைப் புடிச்சு மெதுவா உரிச்சு, "அம்மா, பாம்புச் சட்டை"ன்னு என் மூக்குக்கு நேரா காட்டுச்சு. ராத்திரி பூரா அதான் வேலை. புது டப்பால பாதி போச்சு. கற்பனைத் திறன் ஏகத்துக்கு வளந்திருக்கு.

யாரு என்ன வேஷம்னு மிஸ்ஸே பிரிச்சுக் குடுத்துட்டாங்க. பாரதியார் ஏற்கெனவே ஆறு பேரு. நேரு நிறைய, அவங்கம்மாக்கள் எல்லாம் குடுத்து வெச்சவங்க, ஒரு ரோஜாப்பூவோட வேலை முடிஞ்சுது. காந்தி வேஷம் கிடைச்ச பையன் மறுநாளே மொட்டையோட வந்து நின்னான். பழநிக்கு வேண்டுதல் பாக்கி இருந்துச்சாம், முருகன் புண்ணியத்துல ரெண்டும் ஒரே செலவுல முடிஞ்சுது. நமக்கு வந்தது வ.உ.சி. "நம்ம கோயமுத்தூர் கனெக்‌ஷன் இருக்கில்ல மேம், அதான் தம்பிக்குக் குடுத்தோம்"னு மிஸ் சொன்னப்ப, நெஜமாவே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. காந்திபுரம் போறப்பல்லாம் ஜெயில் மதிலைப் பாத்துட்டுத்தானே போறோம். அந்த மதிலுக்குள்ளதான மனுசன் மாட்டுக்குப் பதிலா நின்னு செக்கு இழுத்தாரு.

அப்புறம் மிஸ் சொன்னாங்க, "செக்கும் வெச்சா சூப்பரா இருக்கும்."

கப்பல் பண்றேங்கன்னு கெஞ்சினேன். அட்டைல கப்பல் சுலபம், ரெண்டு பக்கம் ஒட்டி இடுப்புல மாட்டி விட்டாப் போதும். போன வருஷமே ஒருத்தர் கப்பல் பண்ணிட்டாங்களாம், செக்குதான் புதுசா இருக்குமாம். கூடவே ஒரு போட்டோ அனுப்பினாங்க, தலைப்பாகை, கோட்டு, மீசை. செக்கு இழுக்கறப்ப ஜெயில் உடுப்புதானங்க போட்டிருப்பாரு, கோட்டு எப்படிங்க வரும்னு கேட்டேன். "ரெண்டும் இருக்கட்டும் மேம், அப்பத்தான் யாருன்னு தெரியும்." தெரிஞ்சுதா? நல்லாத் தெரிஞ்சுது.

செக்கு செய்வது எப்படின்னு யூட்யூப்ல போட்டுப் பாத்தேன். மரச்செக்குத் தொழில் தொடங்கி மாசம் லட்சம் சம்பாதிக்கிறது எப்படின்னு வருது. வ.உ.சி.க்குத் தெரிஞ்சிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு.

சரின்னு நானே எறங்கினேன். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பரண்ல இருந்து எறக்கி, வளையறதுக்காகக் கத்தில கோடு கோடாக் கீறி, உருட்டிக் கட்டி, நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் பேப்பரைச் சுத்தினா உரல். உலக்கைக்கு ராஜ வீதில ஒரு துணிக்கடை வாசல்ல நின்னு, துணி சுத்தி வர்ற அட்டைக் குழாயைப் பல்லைக் காட்டி வாங்கிட்டு வந்தேன். கறுப்புக் கோட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. என்னோட கறுப்பு சுடிதார் டாப்பு ஒண்ணு இருந்துச்சு. இருந்துச்சு.

வெளிய பாத்தா ஆகஸ்ட் மாசத்துச் சாரல். எதை ஒட்டினாலும் காய மாட்டேங்குது. ஹேர் டிரையரை ஒரு கைல, உலக்கையை ஒரு கைல புடிச்சுக்கிட்டு நான் நிக்கறப்பத்தான் மாமனார் எந்திரிச்சு வந்தாரு. சின்ன வயசுல ஊருல செக்கடிலேயே வளந்தவரு. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"அம்மிணி, உலக்கை நட்டமா நிக்கக் கூடாது. சாஞ்சு நின்னு உரல் ஓரத்தை அமுத்தோணும். அப்பத்தான் எள்ளு நசுங்கும்."

"மாமா, இதுல எள்ளு ஆட்டப் போறதில்லீங்க."

"அதுக்காவ தப்பாச் செய்வியா?"

என்ன பதில் சொல்றது? பிரிச்சேன். சாய்ச்சு வெச்சேன். சாய்ச்சு வெச்சா உரலோட சேந்து மொத்தமும் சாயுது. "அடில பாரம் இல்ல அம்மிணி, நெஜச் செக்குல பலகை மேல கல்லு வெப்பாங்க"ன்னாரு. அம்மிக்குழவியை எடுத்து உள்ள போட்டேன். நின்னுச்சு. இப்பத் தூக்க முடியல. "சுத்தற மரம் எங்க?"ன்னு அடுத்த கேள்வி. ஒட்டடைக் குச்சியோட கம்பைக் கழட்டிக் கட்டினேன். "ம்ம்… பரவால்ல. ஆனா பாத்தா ஆட்டாங்கல்லு மாதிரித்தான் இருக்குது"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாரு.

வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லவே இல்லையேன்னு பாக்கறீங்களா? அவரு எட்டு மணிக்கே "நான் என்ன பண்ணோணும், சொல்லு"ன்னு கேட்டாருங்க. இந்தக் கேள்வியைக் கேட்டுட்டா பங்கு முடிஞ்சுதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குன்னு தெரியல. பிரவுன் பேப்பர் பத்தலேன்னு கடைக்கு அனுப்பினேன். மெரூன் கலர் சார்ட் வாங்கிட்டு வந்து, "இதும் பிரவுன்தான், லைட்டு வெளிச்சத்துல பாரு"ன்னாரு. பதினோரு மணிக்கு, பாதி கண்ணை மூடிக்கிட்டே, "இதுக்குப் பேசாம வாடகைக்கு எடுத்திருக்கலாம்"னு ஒரு யோசனை.

எடுத்திருக்கலாம்தான்! டவுன்ஹால் பக்கம் கடைல விசாரிச்சேன், கோட்டு எடுத்தா மீசை இலவசமாம். வ.உ.சி.யோட கப்பல் கம்பெனியைக் கவுக்க வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஓசில குடுத்து, ஏர்றவங்களுக்குக் குடையும் குடுத்துச்சுன்னு சொல்வாங்க. அன்னிக்கு அந்தக் குடையை வாங்கினவங்களைத் திட்டிக்கிட்டிருந்தவ நான். இப்ப அவங்க பக்கமும் ஒரு ஞாயம் இருக்குமோன்னு தோணுது.

இதுல பேச்சு வேற. மிஸ் அனுப்பின பேச்சை அப்படியே தர்றேன், பாருங்க. "1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தேன். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினேன். கலியா, லாவோ எனும் இரு கப்பல்களை ஓட்டினேன்." ஸ்டீம் நேவிகேஷன்! இன்னும் "ழ" வராம "வாயப்பயம்"னு சொல்ற வாய்க்கு! எங்க ஆளு அதை "சுதேசி டேஷன் கம்பெனி"ன்னு புடிச்சுக்கிட்டான். திருத்தத் திருத்த அழுகை. சரி, டேஷன்னே இருக்கட்டும், அந்த மகான் மன்னிச்சுக்குவாருன்னு விட்டுட்டேன்.

அவனுக்குப் புடிச்ச ஒரே சமாச்சாரம் சங்கிலி. கறுப்பு சார்ட்டைப் பட்டை பட்டையா வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து ஸ்டேப்ளர் அடிச்சு, ரெண்டு கால், ரெண்டு கை, இடுப்பு வரைக்கும் நெஜச் சங்கிலி மாதிரியே பண்ணியிருந்தேன். அந்த மொத்தக் கூத்துலயும் என் மனசுக்குத் திருப்தியா வந்தது அது ஒண்ணுதான்.

அன்னிக்குக் காலைல ஆட்டோல செக்கு ஏறல. செக்கு ஏறினா நாங்க ஏற முடியல. கடைசில நானும் பையனும் வண்டில, செக்கு மட்டும் தனியா ஆட்டோல, பின்னாடியே வந்துச்சு, மந்திரி கணக்கா. அம்மிக்குழவி உள்ள இருக்கறது மறந்துபோயி எறக்கின ஆட்டோக்காரண்ணன், "என்னங்க அட்டைன்னு சொன்னீங்க?"ன்னு இடுப்பைப் புடிச்சுக்கிட்டாரு.

மேடைல பாத்தா வாசல்ல இருந்து பலூன் தோரணம். பின்னாடி ஃப்ளெக்ஸ். "ஹேப்பி இண்டிபெண்டன்ஸ் டே"ன்னு ஆளுயரத்துக்குத் தர்மாகோல் எழுத்து, ஜிகினா தூவி. பிளாஸ்டிக் கூடாது நமக்குத்தாங்க. அவங்களுக்கு அது அலங்காரம்.

வரிசைல மூணாவது ஆளா நிக்கறப்ப எங்க ஆளு நெளிய ஆரம்பிச்சான். "அம்மா, ஒண்ணுக்கு." காலையும் கையையும் சேத்துக் கட்டின சங்கிலி. எப்படிப் போறது? நான் குனிஞ்சு ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின்னா நகத்தால நெம்பிக்கிட்டிருக்கேன், அவன் குதிக்கிறான். ஆயாம்மா வந்தாங்க. இடுப்புல இருந்து கத்தரியை எடுத்தாங்க. ரெண்டே வெட்டு. ரெட்டை ஆயுள், மொத்தம் 40 வருஷம்னு 1908-ல தண்டனை போட்டு, அப்பீலெல்லாம் போயி 1912 கடைசிலதான் மனுசனை வெளிய விட்டாங்க. எங்க வ.உ.சி.க்கு ஆயாம்மா அரை நிமிசத்துல விடுதலை வாங்கிக் குடுத்துட்டாங்க. சுதந்திர தினத்துல நெஜமா சுதந்திரம் கிடைச்சது அந்தப் பாத்ரூம் வாசல்ல மட்டுந்தான்.

திரும்பி ஓடி வந்தா, மைக்கு புடிச்ச மிஸ் செக்கைப் பாத்துட்டு, "மேம், ப்ராப்பர்ட்டி எல்லாம் ஓரமா வெச்சிருங்க. ஒரு குழந்தைக்கு முப்பது செகண்டுதான்"ங்கறாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ரெண்டு வாட்ச்மேன் சேந்து செக்கைத் தூக்கி ஷூ ஸ்டாண்டு பக்கத்துல வெச்சுட்டாங்க.

இப்பக் கணக்குப் போடுங்க. சங்கிலி இல்ல. செக்கு இல்ல. மிச்சம் என்ன? கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கண்மைல வரைஞ்ச மீசை. "அடுத்து நம்ம குட்டி பாரதியார்!" சனம் பூரா கை தட்டுது. இவன் மேடைல நின்னு, "நான் வ.உ.சி. சுதேசி டேஷன் கம்பெனி"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, மூக்கைத் தேய்ச்சு மீசையைக் கன்னம் வரைக்கும் இழுத்து விட்டுட்டு எறங்கிட்டான். "வ.உ.சி."ன்னு புள்ளை வாயாலயே சொன்னான். சொல்லியும் பாரதியார்!

முதல் பரிசு யாருக்குன்னு கேளுங்க. மயில். சுதந்திரப் போராட்ட வீரர்கள்னு தலைப்பு வெச்சுட்டு மயிலுக்குப் பரிசு. தேசியப் பறவையாம். எந்த வருஷம் ஜெயிலுக்குப் போச்சுங்க அந்த மயிலு? தோகையை விரிச்சுக்கிட்டுத் திரும்புச்சு பாருங்க, முதுகுல வாடகைக் கடை நம்பர் எழுதின துணிப்பட்டை அப்படியே தொங்குது. நடுவர் மூணு பேரும் அதுக்கு நேர் எதிர்ல. ஒருத்தர் கண்ணுலயும் படல. அந்தம்மா என்கிட்ட வந்து, "நைட் ஃபுல்லா உக்காந்து பண்ணோம்பா"ன்னாங்க. நான் சிரிச்சேன். என்ன சிரிப்பு அதுன்னு எனக்கே தெரியல.

நேத்து அடுத்த மெசேஜ். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், குழந்தைகள் தங்கள் கையாலேயே செய்த வாழ்த்து அட்டை கொண்டு வரவும், கடை அட்டை ஏற்கப்படாது. வ.உ.சி. பொறந்ததும் அதே செப்டம்பர் 5-தான், ஒரு வரி சேத்துக்கலாமேன்னு குரூப்ல போட்டேன். மிஸ் கட்டை விரல் போட்டிருக்காங்க. அவ்வளவுதான்.

வயித்தெரிச்சலோட போயி ஃபிரிட்ஜைத் தொறந்தா, உள்ள நாலு தண்ணி பாட்டில், நாலும் காலி. இந்த வீட்டுல கடைசி மடக்கைக் குடிச்சுட்டு, மூடியைப் பத்திரமாத் திருகி, காலி பாட்டிலை மறுபடி உள்ள வெக்கறது யாருங்க? காலிப் பாட்டில் எதுக்குங்க ஜில்லுனு இருக்கோணும்?