மேலே இருந்த வரியை ஏன் வெட்டினீர்கள்?

இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றித்தான். எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் நான்கு பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையோடு. ஜாவாவில் எழுதிய எங்கள் மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பில்ட் ஃபைலிலிருந்து ஒரே ஒரு வரி: ரிலீஸ் = 8. அதற்கு மேல் "மியூசியத்துக்கு டிக்கெட் எவ்வளவு சார்?" என்று தலைப்பு. பழைய ஜாவா 8ஐயே கட்டிக்கொண்டிருக்கிறோமாம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வரிக்கு நேர் மேலே இன்னொரு வரி இருக்கிறது. டூல்செயின் 21, அதாவது கட்டும் கருவிகள் ஜாவா 21ஐச் சேர்ந்தவை. படத்தை வெட்டியவர் கச்சிதமாக அந்த இடத்தில் வெட்டியிருக்கிறார். கை தவறியது என்று நம்பத்தான் ஆசை.

தெரியாதவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாங்கள் 2014இல் வந்த ஜாவா 8ஐ வைத்து வேலை செய்யவில்லை. 2023 செப்டம்பரில் வந்த ஜேடிகே 21ஐ, அதாவது ஜாவா 21இன் கருவிப்பெட்டியை, வைத்து வேலை செய்கிறோம். எழுதிய கோடை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் புதிது, பில்டை நடத்தும் கிரேடில் புதிது, எடிட்டர் புதிது. அதிலிருந்து வெளியே வரும் ஜார், அதாவது கட்டி முடித்த புரோகிராம் ஃபைல், மட்டும் ஜாவா 8இல் ஓடும். கருவி வேறு, அது செய்து தரும் சரக்கு போய்ச் சேரும் இடம் வேறு. தையல்காரர் மோட்டார் மிஷின் வாங்கிவிட்டார் என்பதற்காகச் சட்டை தைக்க வந்தவர் இடுப்பளவைக் குறைத்துக்கொண்டா வர முடியும்?

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பட்டவன் நான்.

2019 ஜனவரி. ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடைக்கு எங்கள் மென்பொருள். கரும்பு லாரி மேடையில் ஏறும், இண்டிகேட்டர் காட்டும் எடையை எங்கள் புரோகிராம் வாங்கிச் சீட்டு அடிக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 7, ஜாவா 8, இன்டர்நெட் கிடையாது. நாங்கள் அப்போதுதான் பெருமையாக ஜேடிகே 11க்கு மாறியிருந்தோம். பில்ட் ஃபைலில் சோர்ஸ் 1.8, டார்கெட் 1.8 என்று போட்டோம் (1.8 என்றால் ஜாவா 8தான்). கம்பைல் ஆனது. டெஸ்ட் எல்லாம் பச்சை. எங்கள் பையன் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

ராத்திரி பதினொன்றரைக்கு போன். "சார், மிஷின் எடை காட்டுது, கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. வெளிய ரோடு வரைக்கும் வண்டி நிக்குது சார்."

வெட்டிய கரும்பு நிற்க நிற்கக் காயும். எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். எடைக்குத்தான் காசு. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு டிராக்டரும் யாரோ ஒருவரின் ஒரு வருட உழைப்பு. அதை நிறுத்தி வைத்தது எங்கள் அப்டேட்.

காரணம் இதுதான். ஜாவாவோடு வரும் லைப்ரரியில் பைட்பஃபர் என்ற கிளாஸில் (கோடின் ஒரு தொகுப்பு) ஃபிளிப் என்று ஒரு மெத்தட் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் துண்டு). ஜாவா 8இல் அது தாய் கிளாஸான பஃபரில் மட்டும் இருக்கிறது, பஃபரைத்தான் திருப்பித் தரும். ஜாவா 9இல் பைட்பஃபருக்கே தனியாக ஒரு ஃபிளிப் எழுதி, அது பைட்பஃபரைத் திருப்பித் தரும்படி செய்துவிட்டார்கள். நல்ல மாற்றம்தான், குறையில்லை. ஆனால் கம்பைலர் தன் கையில் இருக்கும் லைப்ரரியைப் பார்த்து, அந்தப் புது மெத்தடின் பெயரைத்தான், அது தரும் வகையோடு சேர்த்து, கம்பைல் ஆகி வரும் கிளாஸ் ஃபைலில் எழுதிவைக்கும். ஆலையிலிருக்கும் ஜாவா 8 அதைத் தேடும். இருந்தால்தானே கிடைக்கும்? நோ சச் மெத்தட் எரர், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்ற பிழை. சோர்ஸும் டார்கெட்டும் மொழி இலக்கணத்தையும் கிளாஸ் ஃபைலின் பதிப்பு எண்ணையும்தான் பார்த்துக்கொள்ளும், லைப்ரரியைப் பார்க்காது. கம்பைலர் அப்போதே பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பாத் (பழைய ஜாவாவின் லைப்ரரி இருக்கும் இடம்) வைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை. டெஸ்டும் ஜாவா 11இலேயே ஓடியது, அப்புறம் பச்சையாக இல்லாமல் என்ன செய்யும்.

அந்த எடைமேடை அண்ணன் புத்திசாலி. பழைய ஜாரை "பழசு" என்று ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார். போனிலேயே வழி சொல்லி அதைத் திரும்ப எடுத்து வைக்கும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. அந்த ஃபோல்டருக்கு நான் கோயில் கட்ட வேண்டும்.

ரிலீஸ் என்ற ஆப்ஷன் இதற்காகவே ஜேடிகே 9இல் வந்தது. ரிலீஸ் 8 என்று சொன்னால், புது கம்பைலர் ஜாவா 8இல் என்னென்ன மெத்தட் இருந்தன என்ற பட்டியலை வைத்துக்கொண்டு கம்பைல் செய்யும். நீங்கள் மியூசியம் என்று சிரிக்கும் வரி அதுதான். அது இல்லாமல் அன்று எத்தனை வண்டி நின்றது என்று நான் எண்ணவில்லை, எண்ணும் தைரியமும் இல்லை.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள். கமென்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

"செக்யூரிட்டி?" ஒரு நண்பர் ஆங்கிலத்தில் நான்கு பத்தி எழுதியிருக்கிறார். ஐயா, ஜாவா 8க்கு இன்னும் பேட்ச், அதாவது ஓட்டை அடைக்கும் திருத்தம், வருகிறது. ஜாவாவை வெளியிடும் ஆரக்கிளின் கட்டண ஆதரவே 2030 டிசம்பர் வரை இருக்கிறது. நெட்வொர்க்கே இல்லாத ஒரு பெட்டிக்குள் எந்த ஹேக்கர் கரும்பு லாரியில் ஏறி வருவான் என்று கொஞ்சம் விளக்கினால் நன்று. (ஆமாம், பென் டிரைவ் இருக்கிறது. தெரியும்.)

"புது ஜாவாவையும் கூடவே கட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?" இது நியாயமான கேள்வி. நாங்களும் யோசித்தோம். இண்டிகேட்டரோடு பேசும் டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) 32 பிட், அதை 32 பிட் ஜாவாதான் ஏற்றும், அதைச் செய்தவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆரக்கிள் விண்டோஸுக்கு 32 பிட் ஜாவா தந்தது 8 வரைதான். மற்றவர்கள் 11, 17க்கும் தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஜேடிகே 24இல் 32 பிட் விண்டோஸையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இன்று 17க்குப் போனாலும் அந்தத் தெரு முட்டுச்சந்துதான். இண்டிகேட்டரை மாற்ற வேண்டும், அதற்கு ஆலை பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கும்வரை நான் என்ன, எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று தத்துவம் பேசவா?

"ரெக்கார்ட் கிடையாது, வார் கிடையாது, டெக்ஸ்ட் பிளாக் கிடையாது." புது ஜாவா மொழியின் வசதிகள் இவை, எங்களுக்குக் கிடையாது. டெஸ்டுக்கான லைப்ரரிகளில் மாக்கிட்டோ 5க்கு ஜாவா 11 வேண்டும், ஜேயூனிட் 6க்கு 17 வேண்டும். டெஸ்டை 8இலும் ஓட்டுவதால் இரண்டிலும் பழைய பதிப்பில் நிற்கிறோம். வலிக்கத்தான் செய்கிறது. அடுத்து.

போதாக்குறைக்கு ஜேடிகே 21இன் கம்பைலரே ஒவ்வொரு பில்டிலும் "8 வழக்கொழிந்தது, வரும் பதிப்பொன்றில் நீக்கப்படும்" என்று என்னைத் திட்டுகிறது. ஜேடிகே 20இல் ஜாவா 7ஐத் தூக்கிவிட்டார்கள், 8க்கும் ஒருநாள் வரும், அன்று 21ஐயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கம்பைலரிடம் தினமும் வசவு வாங்குகிறவனுக்கு உங்கள் மீம் வேறு எதற்கு?

2024 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் எடிட்டர் விஎஸ் கோடு 1.86 வந்தது ஞாபகம் இருக்கிறதா? ரிமோட் சர்வரில் லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28 வேண்டும் என்று கேட்டது. லினக்ஸ் பதிப்புகளில் சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17, உபுண்டு 18.04இல் 2.27. ஒரே ஒரு எண் குறைச்சல், காலையில் ஆபீஸ் வந்தவர்களால் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. உலகமே கத்தியது. பழைய சர்வர்களுக்கு அவகாசம் கொடுத்து மைக்ரோசாஃப்டே இறங்கிவந்தது. அன்று முகநூலில் "சொல்லாமல் கொள்ளாமல் இப்படிச் செய்யலாமா" என்று கொதித்தவர்களில் மூன்று பேர் இன்று அந்த மீமுக்கு லைக் போட்டிருக்கிறார்கள். உங்கள் சர்வர் பழசு என்றால் அவசரம், ஆலையின் கம்ப்யூட்டர் பழசு என்றால் காமெடி. சரி.

உண்மையில் ஜாவா 8 பற்றிக்கூட எனக்குக் கோபமில்லை. இந்தத் துறையில் "லெகசி" (பழைய அமைப்பு) என்பது வசவாகிவிட்டது. மூன்று வருடம் முன்பு ஒரு இன்டர்வியூவில், என் மகள் வயதை விடப் பத்து வயதுகூட அதிகம் இருக்காது அந்தப் பெண்ணுக்கு, "உங்க ஸ்டாக் கொஞ்சம் பழசா இருக்கே அங்கிள்" என்றார். அங்கிள்! நான் அணிந்திருந்த சட்டையைச் சொன்னாரா, ரெஸ்யூமைச் சொன்னாரா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்தால் வலிக்காது.

இந்தச் சிரிப்பு வலிக்கிறது. ஏனென்றால் படத்தை முதலில் போட்ட தம்பியை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், நீங்களும் கமென்டில் சொல்ல வேண்டாம். ஆறு மாதம் எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். கரும்பு லாரிக் கதையை முதல் வாரமே சொன்னேன், கண் விரியக் கேட்டான். நாங்கள் கம்பைலர் ஆர்க்யுமென்டாக நீட்டி முழக்கி எழுதிவைத்திருந்ததை, கிரேடிலில் சுருக்கமாக வழி வந்த பிறகு, ஒரே வரியாக மாற்றியது அவன்தான்.

ரிலீஸ் = 8. அந்த மாற்றத்தின் பதிவான கமிட் அவன் பெயரில்தான் இருக்கிறது.

படத்தை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. மேல் வரியையும் சேர்த்து மறுபடி போடு என்று மட்டும் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது.