தஞ்சைக்காரனுக்கு வாய்த்த நெல்லை

வேலை நிமித்தமாகத் தஞ்சைப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிவந்த என்னிடம் ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்பவர்கள், அல்வாவையும் தாமிரபரணியையும்தான் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இந்த ஊரைப் பிடிக்கவைத்தவை சினிமாவும் மேளமும்தான். இரண்டில் மேளத்துக்கே முதலிடம் என்பது என் கட்சி.

அரிவாளும் 'ஏலே'யும் இருந்தால் நெல்லை வந்துவிடும் என்று தமிழ்ச் சினிமா வெகுகாலம் நம்பியிருந்தது. 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' அந்த நம்பிக்கையைக் குலைத்தது. கூத்தில் பெண்வேடம் கட்டி ஆடும் நாயகனின் தகப்பனார் நடுத்தெருவில் அவமானப்படுத்தப்படும் காட்சியை உள்ளூர்த் திரையரங்கில் பார்த்த பிறகுதான், அப்படி ஆடுகிறவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று கொடைகளுக்கு, அதாவது ஊர்த் தெய்வங்களின் கோயில் விழாக்களுக்கு, போகத் தொடங்கினேன்.

சுடலைமாடன் கொடையில் கணியான் சமூகத்தார் ஆடும் கணியான் கூத்து தொடங்கும் முன், மகுடம் என்னும் தோல்மேளம் அடிக்கும் மகுடக்காரர்கள் நெருப்பருகே குந்தி, தோலை வாட்டுவதும் விரலால் தட்டிப் பார்ப்பதும் மறுபடி வாட்டுவதுமாக இருப்பார்கள். ஒரு மகுடம் உச்சத்தில் பேசும், மற்றொன்று மந்தத்தில் பதில் சொல்லும். கதை பாடும் அண்ணாவி காதருகே கையை வைத்துக் கதையை எடுத்துக்கொடுக்க, பெண்வேடமிட்ட இருவர் சலங்கை அதிர ஆடுவார்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்குள் இந்தக் கூத்தின் நீளம் அடங்காது.

நாகஸ்வரம் என்றால் காவிரிக்கரைதான் என்று வளர்ந்தவன் நான். ஆனால் 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு மல்லுக்கட்டும் அந்த நாகஸ்வரம், சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியில் பிறந்த அருணாசலத்தினுடையது. அவருடைய குருநாதர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்பதால், எங்கள் சீமைக்கும் இந்தச் சீமைக்கும் சம்பந்தம் எப்போதோ கூடிவிட்டது என்று சொல்லி இங்குள்ள நண்பர்களிடம் நான் உரிமை கொண்டாடுவதுண்டு.

என் வருத்தம் ஒன்றுதான். நான் போன சில கொடைகளில் இன்னிசைக் கச்சேரிக்கும் ஒலிபெருக்கிக்கும் பணத்தையும் நேரத்தையும் வாரி இறைத்துவிட்டு, கணியானை மட்டும் சடங்குக்காகச் சிறிது நேரம் நிறுத்திவைத்தார்கள். படத்தில் அந்தக் கலைஞனுக்காகக் கலங்கிய ஊர், கோயில் வாசலில் அவனுக்கு உரிய நேரத்தையும் கூலியையும் குறைக்கலாமா? வந்தேறி என்பதால் கொடைக்காக ஊரார் கட்டும் வரி எனக்குக் கிடையாது. நன்கொடை கொடுக்கும்போது, இது கணியான் கூத்துக்கு மட்டும் என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன்.