க்ரீ ஊர்களுக்குக் காரிலும் போகலாம்

கனடாவின் வடக்கு கியூபெக்கில் இருக்கும் க்ரீ பழங்குடி மக்களின் ஊர்களுக்கு விமானத்தில் மட்டும்தான் போக முடியும், அங்கே போனால் பனிவீடு பார்க்கலாம், அவர்களின் மற்ற பழக்கமெல்லாம் சுற்றுலாவுக்காகப் போடும் வேடம் என்று சிலர் சொல்வது தவறு.

பனிவீடு இன்னும் வடக்கே வாழும் இனுயிட் மக்களின் மரபு. க்ரீ மக்கள் ஊசியிலைக் காட்டையும் ஜேம்ஸ் விரிகுடாக் கரையையும் சேர்ந்தவர்கள். ஈயூ இஸ்ட்சீ என்கிற அவர்கள் பகுதியில் சாலை எட்டாத ஊர் வாப்மகூஸ்துய் ஒன்றுதான். சிசாசிபி, வெமிண்ட்ஜி, மிஸ்டிசினிக்கெல்லாம் காரிலேயே போகலாம். தெற்கே இருக்கும் மட்டகாமி ஊரிலிருந்து வடக்கே ராடிசன் ஊர் வரை 620 கி.மீ. சாலை, நடுவில் 381-ஆவது கிலோமீட்டரில் மட்டும்தான் பெட்ரோல் கிடைக்கும், அதனால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

அந்தச் சாலையே 1970-களில் நீர்மின் அணைகளுக்காகப் போட்டது. அந்தத் திட்டத்தால்தான் ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் இருந்தவர்கள் 1980 வாக்கில் கரைக்கு மாற்றப்பட்டு, இன்றைய சிசாசிபி உருவானது. நிலத்துக்காக நீதிமன்றம் போய், 1975-இல் அரசை ஒப்பந்தம் போட வைத்த மக்கள் இவர்கள், இவர்களைப் போய் வேடம் போடுகிறவர்கள் என்பது அநியாயம்.

வசந்தத்தில் காட்டு வாத்து (கூஸ்) வேட்டைக்காக அங்கே பள்ளிக்கே விடுமுறை விடுகிறார்கள், குடும்பம் குடும்பமாக முகாமுக்குப் போய்விடுவார்கள். கூடாரத்துக்குள் கயிற்றில் தொங்கவிட்டு நெருப்பின் பக்கத்தில் சுழலவிட்டு வாட்டுகிற அந்தப் பெரிய வாத்து அவர்கள் வீட்டுச் சாப்பாடு, பயணி வந்தாலும் வராவிட்டாலும் அதைச் செய்வார்கள். அப்புறம், அந்த வாரங்களில் ஊரில் ஆள் குறைவாக இருக்கும், வழிகாட்டி வேண்டுமென்றால் கோடைக்குத் திட்டமிடுங்கள்.