ஜெயிச்சா உன் மூளை, தோத்தா டீலர் கையா?

நேற்று சாயங்காலம் பாண்டி முத்தியால்பேட்டை டீக்கடையில் அந்தக் கதையை என் நண்பன் நாலாவது தடவையாகச் சொன்னான். கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில், இருப்பதிலேயே சின்ன போக்கர் டேபிளில், கையில் ஜோடி ஒன்பதை வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டில் மூன்றாவது ஒன்பதைப் பிடித்து ஒன்பதாயிரத்தை வாரிய கதை. சரி, சொல்லிவிட்டுப் போகட்டும். முடிவில் ஒரு வரி சேர்த்தானே, அங்கேதான் எனக்கு ஏறியது. "அந்த டீலர் பொண்ணுக்கு ஒத்தப் பைசா கொடுக்கலையே நானு!"

ஜெயித்தவன், சீட்டு போடும் டீலருக்கு டிப்ஸ் வைப்பதுதான் வழக்கம். கொடுக்காததில் என்னடா பெருமை?

அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த டீலர் பெண் மேஜையில் சீட்டுகளைக் குப்புறப் பரப்பி, இரண்டு கையாலும் மாவு பிசைவது போலக் கலைத்து, அள்ளி, குலுக்கி, வெட்டி, ஒன்பது பேருக்கும் பிசகாமல் போட்டாள். எல்லாருக்கும் பொதுவான நடுச்சீட்டுகளைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் மேல்சீட்டு ஒன்றைக் கழித்து வைத்தாள். மூன்று பேர் மூன்று வேறு தொகையோடு ஆல்-இன் போனபோது, அதாவது கையிலிருந்த மொத்தத்தையும் பந்தயம் கட்டியபோது, யாருக்கு எந்தக் குவியலில் பங்கு என்று மனக்கணக்காகப் பிரித்து வைத்தாள். நம்ம ஆளுக்குப் பொங்கலன்று வீட்டில் ரம்மிக்குப் பதிமூன்று சீட்டு எண்ணிப் போடத் தெரியாது. ஒருவனுக்குப் பன்னிரண்டு வரும், இன்னொருவனுக்குப் பதினான்கு.

ஒன்பதாயிரத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். இவன் சில்லுகளை நிறம் பிரித்து அடுக்கினான், செல்போனில் படம் எடுத்தான், அவ்வளவுதான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் அடுக்கிலிருந்து இரண்டு நூறு ரூபாய்ச் சில்லை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். மேஜை விளிம்பில் டக் டக்கென்று தட்டிவிட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். இவன் என் காதில், "ஏன்டா பழக்கத்தைக் கெடுக்குற?" என்கிறான்.

பத்து நிமிஷம் கழித்து ஏஸும் கிங்கும் வைத்திருந்த இவன் ஒரு ஜோடி ஆறிடம் தோற்றான். சீட்டை அவள் மேலேயே விசிறினான். "ராசி கெட்ட கை!" அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரியாதா? ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்ததைக்கூட இவன் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜெயித்தால் இவன் மூளை, தோற்றால் அவள் கை. அரைமணி முடிந்து வேறு டீலர் வந்ததும், அவள் கையைத் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கேமராவுக்குக் காட்டிவிட்டு எழுந்து போனாள். எதையும் திருடவில்லை என்று அரைமணிக்கு ஒருமுறை காட்ட வேண்டிய வேலை.

கேட்டால் நியாயம் பேசுவான். "அவளுக்குக் கம்பெனி சம்பளம் இல்லையா? ஒவ்வொரு பந்தயக் குவியல்லயும் கேசினோ கமிஷன் எடுக்குதில்ல?" எடுக்கிறதுதான். அதிலும் சின்ன டேபிளில் இந்தக் கமிஷன் ஆளை அரித்துவிடும். ஆயிரம் ரூபாய்க் குவியலில் ஐந்து சதவீதம் என்றாலே ஐம்பது போச்சு, ராத்திரி முழுக்க ஆடினால் கூட்டிப் பார். அதில் அவன் சொல்வது சரி. ஆனால் அந்தக் கோபத்தை முதலாளியிடம் காட்டு. அவனிடம் சிரித்துச் சிரித்துக் கட்டிவிட்டு இவளிடம் மிச்சம் பிடிக்கிறாயே! 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது, அதைக்கூட டீக்கடையில் திட்டிவிட்டு மறுபடியும் பஸ் ஏறத்தான் போகிறான்.

அப்புறம் சட்டம் வேறு பேசுவான். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று 2022லேயே சொல்லிவிட்டார்களாம், டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதைச் சரியென்றுவிட்டதாம். டேய், அது ஓட்டல்காரன் கேட்காமல் பில்லில் ஏற்றுவதைப் பற்றியது. நீயாகக் கொடுப்பதை எந்தக் கோர்ட்டும் தடுக்கவில்லை.

நான் என்ன சொத்தையா எழுதி வைக்கச் சொன்னேன்? லாஸ் வேகாஸில் ஆரம்பப் பந்தயம் ஒரு டாலர், இரண்டு டாலர் என்றிருக்கும் சின்ன டேபிளில் குவியலை ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர், அதுதான் வழக்கம். எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டு, ஆரம்பப் பந்தயக் காசு மட்டும் வந்தால் ஒன்றும் வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சதவீதக் கணக்கும் கிடையாது. ஒன்பதாயிரத்துக்கு ஒரு நூறு. காலையில் தோற்ற பணத்தில் அது எந்த மூலைக்கு?

இவன் கஞ்சன் என்றால்கூட விட்டுவிடுவேன். இல்லை! சனிக்கிழமை ராத்திரி பெங்களூரு கூட்டம் இறங்கிப் பாண்டி பார்களில் இடமே இல்லாதபோது, வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் கையில் இருநூறைத் திணித்து மேஜை பிடிப்பான். அப்போது பை தானாகத் திறக்கும், காரியம் ஆகணுமே. டீலரால் இவனுக்கு ஒரு காரியமும் ஆகாது, ஆகிவிட்டால் அது திருட்டு. நல்ல சீட்டு தர மாட்டாள், தரவும் கூடாது. அதனால்தான் கொடுக்கக் கை வர மாட்டேன் என்கிறது. இவன் டிப்ஸ் என்று நினைத்துக் கொடுப்பதெல்லாம் லஞ்சம்தான், வேலை முடிந்தபின் கொடுத்துப் பழக்கமே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். பிரான்சில் ஓட்டல் விலையிலேயே சர்வீஸ் காசும் அடங்கிவிடும் என்பார். இருந்தாலும் மிச்சச் சில்லறையைத் தட்டில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாராம். அந்த டிப்ஸைப் பிரெஞ்சில் 'புர்புவார்' என்பார். நேரடி அர்த்தம் 'குடிக்க'. இந்த வார்த்தை மட்டும் இவனுக்கு ரொம்பப் பிடிக்கும், தன் பங்குக்கு.

தீபாவளி கழிந்து மறுபடியும் கோவா என்கிறான். வரேன், ஆனா வேறு டேபிள் என்றேன். "ஏன்டா, கோவமா?" என்று தோளில் கை போட்டான். அவன் கணக்கில் நான் போட்ட அந்த இரண்டு சில்லு, இருநூறு ரூபாய், இன்னும் வரவில்லை. நேற்று டீக்கும் நான்தான் கொடுத்தேன்.