மைனரைக் கெடுத்தவன் பேசுகிறேன்

“நல்ல காரொன்றைக் கெடுத்துப் போட்டீங்களே, தம்பி” என்றார் அவர்.

போன மாதம் கொழும்பில் ஒரு பழைய கார்க் கண்காட்சி. அவர் நடுவர்களில் ஒருவர். வெள்ளைத் தொப்பி, கையில் புள்ளி போடும் அட்டை. என் மொரிஸ் மைனரின் பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தார், செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி என் தோளைத் தொட்டார், போய்விட்டார். எனக்கு அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. எந்தச் சண்டையிலும் என் பதில், வீடு திரும்பும் வழியில் ஹபரணைச் சந்தி தாண்டிய பிறகுதான் வரும். கொழும்பிலிருந்து என் ஊர் திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். பதில் நிறையவே சேர்ந்துவிட்டது. இறக்கி வைக்க இந்தப் பக்கத்தை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. நீளமாக இருக்கும், சொல்லிவிட்டேன்.

அவர் பார்த்தது இதைத்தான். 1958ஆம் ஆண்டு மைனர் 1000, இரண்டு கதவு. 948 சிசி, 37 குதிரைவலு எஞ்சினோடு பிறந்த வண்டி. இப்போது அதற்குள் இருப்பது டொயோட்டா லைட்ஏஸ் வானின் 5கே எஞ்சின், 1486 சிசி, ஐந்து கியர். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். வண்டி ஒன்றரை அங்குலம் பதிந்து நிற்கும். கதவுகளின் உட்பக்கத்தில் மூதூர்ப் பக்கத்துப் பன்பாய் ஒட்டியிருக்கிறேன். நிறம், மழைக்கு முதல்நாள் கொட்டியாரக்குடா இருக்கிற நிறம். அதைக் கலந்து எடுக்கப் பெயின்ற் கடைக்காரருக்கு நாலு நாள் போனது.

அவர் பார்க்காதது 1994.

அப்பா இந்தக் காரை 1979இல் கைமாற்றாக வாங்கினார். 90 ஆனியில் போர் மறுபடி மூண்டபோது நாங்கள் உவர்மலை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினோம். காரில் ஏறிப் போகலாம் என்று அம்மா சொன்னாராம். பெற்றோல் இல்லை என்றாராம் அப்பா. 94இல் திரும்பி வந்தபோது கொட்டகைக்குள் கார் இருந்தது. நாலு சில்லும் இல்லை, பற்றரி இல்லை, சீற்றுகள் இல்லை. பொனட்டைத் தூக்கினால் எஞ்சினும் இல்லை. யாரோ வயலுக்குத் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோயிருக்கலாம் என்று அப்பா சொல்லுவார், பெரிய கோபமில்லாமல். எஞ்சின் கழற்றியவன் கெட்டிக்காரன்; ஒரு ஹோஸைக்கூட வெட்டவில்லை, எல்லாக் கிளிப்பையும் இளக்கித்தான் எடுத்திருந்தான்.

பிறகு இருபத்திரண்டு வருசம் அந்த உடல் கொட்டகைக்குள் கிடந்தது. பக்கத்து ஊருக்கே உப்புவெளி என்று பெயர் வைத்திருக்கிற இடத்தில் தகடு என்ன செய்யும்? கறள் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தின்றுகொண்டு வந்தது. மைனருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, உடலேதான் சட்டகம். கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டி உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். நான் 2016இல் கதவைத் திறந்தேன். திறந்தது. மூட முடியவில்லை.

ஆக, ‘ஒரிஜினல்’ என்கிறார்களே, அதில் எதை நான் கெடுத்தேன்? இல்லாத எஞ்சினையா, இல்லாத தரையையா? கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு 948 எஞ்சின் கேட்டு இரண்டு தரம் போனேன். ஒன்றின் புளொக் வெடித்திருந்தது, மற்றதற்கு ஒரு முச்சக்கர வண்டி வாங்கக்கூடிய விலை சொன்னார்கள். 5கே அந்தக் கடையிலேயே மூலையில் எண்ணெய் வடிய உட்கார்ந்திருந்தது. மலிவு. உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். எஞ்சின் இலக்கம், நிறம் எல்லாம் பதிவுச் சான்றிதழில் மாற்றியாகிவிட்டது. அதற்கு அலைந்த அலைச்சல் தனிப் பதிவுக்குரியது, இங்கே வேண்டாம்.

என் காரில் இப்போது எஞ்சினுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர், சஸ்பென்ஷனுக்கு அங்குல ஸ்பானர். இரண்டு பெட்டி தூக்கிக்கொண்டுதான் பயணம். அங்குலப் பெட்டி தாத்தாவுடையது, இங்கே கடற்படை டொக்யார்டில் ஃபிட்டராக இருந்தவர். 57இல் வெள்ளைக்காரக் கடற்படை போனபிறகும் பெட்டி வீட்டில் தங்கிவிட்டது. எப்படித் தங்கியது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. போன வருசம் கடற்கரையில் காரை நிறுத்தியிருந்தபோது ஒரு பெரியவர் பொனட்டுக்குள் பார்த்துச் சிரித்தார். “42இல ஜப்பான்காரன் பிளேனில வந்து குண்டு போட்டும் பிடிக்கேலாமப் போன திருகோணமலையை இப்ப நீ ஒரு எஞ்சினால பிடிச்சுக் குடுத்திட்டாய்” என்றார். கண்காட்சிகளில் எனக்குக் கிடைத்த எந்தக் கிண்ணமும் அந்தப் பேச்சுக்கு ஈடில்லை. கிடைத்த கிண்ணம் ஒன்றுதான் என்பது வேறு கதை.

வெட்டி ஒட்டுவது பாவம் என்கிறவர்களுக்கு மைனரின் சொந்தக் கதையே பதில். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1948இல் கார் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாதிரி வண்டியைப் பார்த்தார், ஒடுங்கலாகப் பட்டது. நடுவால் இரண்டாக வெட்டச் சொன்னார். பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் அகலம் கூடினால் சரி என்று முடிவு செய்தார். அதற்குள் பம்பர்களைச் செய்துவிட்டார்கள். முதல் வண்டிகளில் பம்பரை நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பொனட்டின் நடுவில் ஓடுகிற அந்தத் தட்டையான பட்டையும் கூட்டிய நாலு அங்குலம்தான். உலகம் ‘என்ன அழகு’ என்று சொல்கிற முகமே ஒட்டுப்போட்ட முகம்! இதை அந்த நடுவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஹபரணைக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

நம்முடைய கதை அதைவிடப் பெரிது. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சின்னச் சோடாப் போத்தலில் பெற்றோலைச் சென்ற் மாதிரிப் பொத்திவைத்திருந்த மாமா எனக்கு ஒருவர் இருந்தார். அந்தக் கார்களில் ஒன்றை இன்று கண்காட்சிக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? ‘கார்புரேற்றர் சரியில்லை’ என்று புள்ளி வெட்டுவார்கள். சரியில்லாத அந்தக் கார்புரேற்றரால்தான் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

இனி என் பிழைகள். ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

முதல் பிழை, எஞ்சினை மாற்றிவிட்டுப் பிரேக்கை அப்படியே விட்டது. பழைய ஏழு அங்குல டிரம் பிரேக், 37 குதிரையை நிறுத்தத்தான் செய்தது. அதோடு கந்தளாய்க்கு ஒரு ஓட்டம். குளக்கட்டுப் பக்கத்தில் எருமைக் கூட்டம் ரோட்டைக் குறுக்கறுத்தது. மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, கார் நிற்கவில்லை. எரிந்த நாற்றம் வந்தது. கியரை இறக்கி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, வயல் ஓரத்துக் கானுக்குள் ஒரு சில்லை விட்டுத்தான் நிறுத்தினேன். பக்கக் கண்ணாடியில் ஒரு எருமையின் சளி. அந்த மிருகம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொழும்பு நடுவர் பார்வையைவிட மோசம். அடுத்த கிழமையே டிஸ்க் பிரேக் செற்றுக்கு இங்கிலாந்துக்குச் சொல்லி அனுப்பினேன். எஞ்சினை மாற்ற நினைக்கிற தம்பிமார் தயவுசெய்து பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தவன்.

இரண்டாவது, கைகாட்டி. 58 மைனரில் மினுங்குகிற சிக்னல் லைற் கிடையாது. கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் கை மடக்கென்று வெளியே நீளும். என்னுடையதில் ஒன்று முறிந்து, மற்றது கறள் பிடித்து இருந்தது. ‘அசிங்கம்’ என்று இரண்டு ஓட்டையையும் தகடு வைத்து அடைத்துவிட்டேன். கண்காட்சியில் பக்கத்து மைனர்க்காரர் தன் கைகாட்டியை நீட்டி நீட்டிக் காட்ட, பிள்ளைகள் அங்கேயே அப்பிக்கொண்டு நின்றார்கள். என் மகளும்தான். எஞ்சினை நாளைக்கே கழற்றி வேறு ஒன்றை வைக்கலாம். அந்த ஓட்டையைத் திரும்ப வெட்ட எனக்குத் துணிவில்லை. இதில் மட்டும் அந்த நடுவர் சொன்னது சரி, ஆனால் அவர் இதைக் கவனிக்கவே இல்லை.

அவர் கவனித்தது இலக்கத்தகட்டை. ‘இலக்கத்தகடு துப்புரவில்லை’ என்று இரண்டு புள்ளி குறைத்திருந்தார். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பின்பக்கத்து இலக்கத்தகட்டைச் சுரண்டியபோது பெயின்ற் அடுக்கடுக்காக வந்தது. மேலே கறுப்பு, கீழே இன்னொரு கறுப்பு, அதற்கும் கீழே ஸ்ரீ எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தடிப்பாக, பெயின்ற் போல உதிராமல் இழுபட்டு வருகிற ஒன்று. ரிங்கர் வேலை, அதாவது தகடு அடிக்கிற வேலை, செய்த நானா நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார். “தார், தம்பி” என்றார்.

57இல் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டுச் சிங்கள ஸ்ரீயைக் கொண்டுவந்தார்கள். நம் பக்கங்களில் அதன்மேல் தார் பூசித் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 58இல் தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் பதிலுக்குத் தார் பூசினார்கள். அது இனக்கலவரத்தில் போய் முடிந்த கதையை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் காரின் முதல் சொந்தக்காரர் யாரென்று தெரியாது. தானே பூசினாரா, தெருவில் மறித்து யாரும் பூசிவிட்டார்களா, பயந்துபோய் அடுத்த நாளே கறுப்புப் பெயின்ற் அடித்து மறைத்தாரா, ஒன்றும் தெரியாது. தகட்டைச் சட்டப்படி எழுதி முடித்தோம். கீழ் மூலையில் பெருவிரல் நகமளவு தாரை மட்டும் விட்டுவைத்தேன். அதற்குத்தான் இரண்டு புள்ளி. காரிலேயே தொழிற்சாலைக்குப் பிறகு யாரும் மாற்றாமல் மிச்சமிருக்கிற அறுபது வருசப் பழசு அந்த நகமளவுதான் என்று நினைக்கிறேன்.

சரி, நானாவுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வந்ததே அவரால்தான்.

கிண்ணியாக்காரர். 2009இல் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி இக்கரைக்கு வந்து வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். இந்த உடலோடு பதினாலு மாதம் இருந்தார். சில் பெட்டி இரண்டையும், தரை முழுவதையும், பின் மட்கார்டுகளின் கீழ்ப்பாதியையும் 18 கேஜ் தகட்டில் கையால் அடித்து எடுத்தார். ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புக் கட்டி. அடித்த தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்ப்பார். ஈரத்தில் வெளிச்சம் நெளிகிற இடத்தில் மேடோ பள்ளமோ இருக்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனிகளால் தடவுவார். பள்ளம் நிரப்புகிற பசை, கட்டலோய், அதை அப்பிச் சமப்படுத்தலாமே நானா, சீக்கிரம் முடியுமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று அவர் தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

90களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்று, மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில்தான் செய்வித்து அங்கே கொண்டுபோனது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது இந்த நாட்டுக் கைகளின் அருமை. நம் கண்காட்சிகளில் காரின் முன்னால் வைக்கிற பலகையைப் பாருங்கள். காரின் பெயர், ஆண்டு, சிசி, சொந்தக்காரர் பெயர், அனுசரணை தந்த கடையின் பெயர். அந்தக் கடை காரைத் தொட்டதே இல்லை. தகடு அடித்தவர், பெயின்ற் அடித்தவர், வயரிங் இழுத்தவர், சீற் தைத்தவர், ஒருவர் பெயரும் இருக்காது. கோயில் கோபுரத்துக்கு உபயகாரர் பெயரை வெட்டிவைத்துவிட்டுச் சிற்பியின் பெயரை விட்டுவிடுகிற அதே பழக்கம்.

இதைச் சொன்னபோது ஏற்பாட்டாளர்களில் ஒருவர், பலகையில் இடம் போதாது என்றார். அனுசரணைக்காரரின் சின்னம் அரைப் பலகைக்கு இருந்தது.

லொறியில் ஏற்றிவந்து இறக்குகிற கார்களுக்குத் துப்புரவுப் புள்ளி முழுதாகக் கிடைப்பதும், ஓட்டிவந்த காரின் கிறிலில் ஒட்டின பூச்சிக்குப் புள்ளி போவதும் இன்னொரு கூத்து. அதை விடுகிறேன்.

இந்தமுறை நானே ஒரு மட்டை எழுதி வைத்தேன். சொந்தக்காரர் பெயருக்கு மேலே ரிங்கர் வேலை என்று போட்டு நானாவின் பெயர். கூடவே உளுத்த தரையின் படம், வெறும் தகட்டின் படம், வெல்டிங் ஓடிய கோட்டின் படம். நானாவையும் கூட்டிப்போனேன். கார் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் காரை விட்டுவிட்டு அந்தப் படங்களில்தான் நின்றார்கள். நானா மட்டையைப் பார்த்தார். கழற்றச் சொன்னார். தன்பாட்டில் இருக்கட்டும் நானா என்றேன். “பேரைப் போட்டா நாளைக்குப் பழைய கார் எல்லாத்தையும் என்ட வாசல்ல கொண்டுவந்து போடுவாங்க தம்பி, இடுப்பு ஏலாது” என்றார். கழற்றினேன். அதனால் இங்கேயும் பெயர் போடவில்லை.

பிறகு அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றக் கார்களைப் பார்க்கப் போனார். முதல் பரிசு வாங்கிய வெள்ளை மைனரின் பக்கத்தில் குந்தியிருந்ததைத் தூரத்திலிருந்து கண்டேன். சில் பெட்டியின் அடியில் கையை விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். விரலால் இரண்டு தட்டு. எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இரவு கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தினோம். பாதி குடித்த பிறகு சொன்னார்.

“அந்த வெள்ளைக் கார் தம்பி. உள்ளுக்கு முழுக்கக் கட்டலோய். இன்னும் ரெண்டு வருசம் தாங்கும். பொறகு என்னட்டத்தான் வரும்.”