ரெட்ஃபிஷ் ஏரியும் தாழங்குடா கொடுவாவும்

அமெரிக்காவில் ரெட்ஃபிஷ் ஏரிக்குள் வலைக்கூண்டு போட்டு சாக்கை சால்மன் (நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த இடத்துக்கே திரும்பும் மீன்) குஞ்சுகளை வளர்த்ததை உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1992-ல் கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் ஏறி, எட்டு அணைகளைத் தாண்டி அங்கே திரும்பியது ஒரே ஒரு ஆண் மீன்தான், அதை விட்டுவிட்டீர்களே! ஏரியிலேயே வளர்ப்பதற்கும் காரணம் உண்டு, அந்தத் தண்ணீரின் வாசனை குஞ்சாக இருக்கும்போதே பதிந்தால்தான் பெரிதானபின் வழி தேடி வரும்.

எனக்குக் கடலூர் தாழங்குடா. என் மச்சான் பெண்ணையாற்று முகத்துவாரத்தில் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்த்தார். இரண்டு வாரம் குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரிக்காமல் விட்டதில் பெரிய குஞ்சுகள் சின்னதையெல்லாம் தின்றுவிட்டன, ஒன்று விழுங்க முடியாமல் வாயில் வால் நீட்டியபடி செத்து மிதந்தது. மிச்சம் இருந்ததும் கூண்டு வலையை நண்டு கத்தரித்ததில் போய்விட்டது. கொடுவா சால்மனுக்கு நேர் எதிர், உப்புத் தண்ணீரில் முட்டையிடும், குஞ்சு ஆற்றுக்குள் ஏறும். சரி, முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் ஏறுவது?

அப்புறம், மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று தருவது நம்ம காலா மீன். காலாவுக்கும் சால்மனுக்கும் சம்பந்தமே இல்லை, ருசி வேறு விஷயம்.