இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் இழப்பீடு உண்டு

“மோதின வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் ஒரு பைசா கிடைக்காது, கேஸ் போடுவது வீண்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல நண்பர்களே. பாலிசி இல்லாவிட்டால் பணம் கட்டும் பொறுப்பு வண்டி உரிமையாளர் மேலும் ஓட்டியவர் மேலும் விழுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166இன்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தமிழக எல்லையில் உள்ள களியக்காவிளையில் கேரளா வண்டி மோதினாலும் கேரளாவில் உள்ள நெய்யாற்றின்கரைக்கு அலைய வேண்டாம். விபத்து நடந்த இடம் அல்லது நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயமே போதும்.

முக்கியமாக, எஃப்ஐஆர் பதிவானதும் வக்கீல் மூலம் கோர்ட்டில் சொல்லுங்கள்: 2022 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை, உரிமையாளர் போதிய பிணை ஈடு கொடுக்காமல் கோர்ட் விடுவிக்கக் கூடாது. வண்டி கைவிட்டுப் போனபின் வசூலிப்பது பெரும்பாடு.

எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பாலிசி விவரம் தெரியும். ஆனால் விபத்துக்கு மறுநாள் புதுப்பித்திருந்தாலும் ‘செல்லும்’ என்றே காட்டும். பாலிசி நகலில் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வண்டி கைமாறி ஆர்சி (பதிவுச் சான்று) மாறவில்லையென்றால், ஆர்சியில் பெயர் உள்ளவரையும் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பிரிவு 166ஐ மத்திய அரசின் சட்டத் தளமான இந்தியா கோடில் யாரும் வாசிக்கலாம்.